நீலக் கயிறு ஏன் அறுந்தது?

ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுவிட்டார்கள். முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப முடியாது என்று சொல்வதும் ஒரு வேலையாகிவிட்டது. அதற்கு எழுதித் தொலைப்பதே சுலபம் என்று உட்கார்ந்துவிட்டேன். அறிவுரை எதிர்பார்க்காதீர்கள். மெஷின் ஓட்டுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இப்போது கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வரை எண்ணைத் துப்பிவிடுகிறது. அந்த நாலு இலக்கத்தைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் பயம் என்பதைச் சொல்லிவிட்டு நான் படுக்கப் போகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டில் எங்கள் ஆய்வுக்கூடம் இருந்தது. சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு இன்ஃப்ராரெட் மெஷின். நாங்கள் பார்த்தது பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் சும்மா இருக்காது, ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும். அகச்சிவப்பு ஒளியை அதன் வழியே விட்டால், எந்த அதிர்வில் ஒளியை விழுங்குகிறது என்று ஒரு பேனா தாளில் பள்ளம் பள்ளமாக வரைந்து காட்டும். அதே பிளாஸ்டிக்கை இழுத்துப் பிடித்தால் அதிர்வு கொஞ்சம் தாழும். தாளில் பள்ளம் ஒரு மயிரிழை தள்ளி விழும். எவ்வளவு தள்ளி விழுகிறது என்று பார்த்தால் மூலக்கூறுக்கு உள்ளே எவ்வளவு இறுக்கம் என்று சொல்லிவிடலாம். எங்கள் பிழைப்பே அந்த மயிரிழைதான். அளவுகோலும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொண்டோம்.

எங்கள் தலைவரை எல்லோரும் முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிடுவோம். தமிழர்தான், ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க பிரெஞ்சில் படித்தவர். பாரிஸில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர். கோபம் வந்தால் பிரெஞ்சு, பசி வந்தால் தமிழ். என்னை மத்மொசேல் என்பார், கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் கருவடிக்குப்பத்துக்காரி, அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றும், எங்கள் வீட்டில் மத்மொசேல் என்றால் யாருக்கும் என்னவென்று தெரியாது. முதல் மாதம் அவர் கூப்பிடும்போதெல்லாம் யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன்.

ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் பன்னிரண்டு மணிக்கு ஊர் மூடிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய மதியத் தூக்கம் மட்டும் போகவில்லை. கடை கண்ணி எல்லாம் ஷட்டரை இறக்கினால் மூன்று மணிக்கு மேல்தான் ஏறும். எங்கள் கூடமும் அப்படித்தான். முசியே மேஜையை மூடி, "போன், சாப்ட்டுட்டு வாங்க" என்பார்; போன் என்றால் பிரெஞ்சில் சரி. ஏ.சி.யை அணைத்துவிடுவோம். அது கிழட்டு ஏ.சி.; அதற்கும் ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. மெஷினின் வயிற்றுக்குள் ஈரம் போகாமல் தனியாகப் பாதுகாப்பு இருந்தது, அதனால் கவலை இல்லை. நான் சைக்கிளில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வருவேன். போகும்முன் மதியத்துக்கான புதுத் தாளை மெஷினின் உருளையில் மாட்டிவைத்துவிட்டுப் போவது எங்கள் பழக்கம். வந்ததும் ஸ்விட்சைத் தட்டினால் போதும், வேலை ஓடும். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷக் கோடையில் ஊரில் ஒரு மில் குடோனில் விபத்து நடந்தது. எந்த மில் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். துணிப் பொதிகளை, பேல் என்பார்கள், நீல நிற பிளாஸ்டிக் கயிற்றில் கட்டி ஒரு சின்னக் கிரேனால் தூக்கி லாரியில் ஏற்றுவார்கள். கயிறு அறுந்து பேல் விழுந்தது. கீழே நின்ற சூசை என்பவரின் கால் நசுங்கிப்போனது. குருசுக்குப்பத்து ஆள். கடலுக்குப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று பெண்டாட்டி அழுததால் மில் வேலைக்கு வந்தவராம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

கிரேனை ஓட்டியவர் ஏழுமலை. சூசைக்கு உயிர்ச் சேக்காளி. ஒரு தடவைக்கு ஒரு பேல்தான் தூக்க வேண்டும் என்பது மில்லின் விதி. மதியச் சங்கு ஊதுவதற்குள் லாரியை அனுப்பிவிடும் அவசரத்தில் ஏழுமலை இரண்டு பேலைச் சேர்த்துத் தூக்கினார், அதனால்தான் கயிறு அறுந்தது என்று நிர்வாகம் சொன்னது. ஒன்றுதான் தூக்கினேன் என்றார் ஏழுமலை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சூசையும் ஒன்றுதான் என்றார். வேறு சாட்சி இல்லை. நசுங்கிய காலை எடுக்கிற பதற்றத்தில் ஆட்கள் ஓடிவந்து கிடந்த பேல்களையெல்லாம் உருட்டித் தள்ளிவிட்டார்கள். எது விழுந்தது, எது முன்பே கிடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணை வைத்தார்கள். இரண்டு பேல் என்று நிரூபணமானால் ஏழுமலைக்கு வேலை போகும். இந்த ஊரில் வேறு எந்த மில்லும் அவரை வாசலில் சேர்க்காது. கூடவே சிநேகிதன் காலை வாங்கியவன் என்ற பெயரும் நிலைத்துவிடும்.

மில்லின் லேபர் ஆபீசருக்கு எங்கள் கூடத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுந்த கயிற்றைப் பார்த்து, தாங்குகிற அளவுக்கு மேல் சுமை ஏற்றப்பட்டதா என்று சொல்ல முடியுமா என்று கேட்டு வந்தார். முசியேவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருஷக்கணக்காக நாங்கள் இழுத்துப் பார்த்ததெல்லாம் தபால்தலை அகலத்துப் பிலிம்கள். இப்போதுதான் ஊர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. "அலோர், சரி, பார்த்துச் சொல்றோம்" என்று உடனே ஒத்துக்கொண்டார்.

கயிறு எடுக்க நானும் அவரும் குடோனுக்குப் போனோம். அறுந்த முனை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தது. அதே சுருளில் மிச்சமிருந்த புதுக் கயிற்றிலும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டோம். ஏழுமலை வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள், ஆனாலும் தினமும் வந்து நிற்பாராம். உயரமான ஆள், முள் முள்ளாகத் தாடி. என்னைப் பார்த்து, "மேடம், நீங்க தறி கணேசண்ணன் பொண்ணுதான?" என்றார். ஆமாம் என்றேன். "ஒரே பேலுதான் மேடம். உங்க மிஷினு சொல்லிடும்ல?" என்று கேட்டார். "சொல்லிடும்" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன், பாருங்கள்.

அந்தக் கயிறு நாடா நாடாவான இழைகளால் முறுக்கியது. ஒரு நாடாவைப் பிரித்தால் பிலிம் மாதிரி மெஷினில் மாட்டலாம். காலையில் புதுக் கயிற்றின் நாடா, மதியம் அறுந்த கயிற்றின் நாடா என்று ஒரு வாரம் போல ஓட்டினோம். ஒவ்வொரு நாளும் ஒரே கதை. அறுந்த நாடாவின் பள்ளம் தாழ்ந்த பக்கமாகத் தள்ளி விழுந்தது. ஒரு நாள் கூடத் தவறவில்லை. முசியே பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உள்ள இறுக்கம் இன்னும் மிச்சம் இருக்கு மத்மொசேல். தாங்கறதுக்கு மேல தூக்கியிருக்கான்."

ஒரே பேலுதான் என்று ஏழுமலை சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அளவு அளவுதானே. அதுவும் நானே மாட்டி, நானே ஓட்டி, நானே படித்த அளவு. முசியே அன்றே லேபர் ஆபீசருக்குப் போன் போட்டு, அதிகச் சுமை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். ரிப்போர்ட் பிறகு வரும் என்றார். சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கும்போது மில்லுக்காரர் ஒருவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாம்மா, ஏழுமல கதைய முடிச்சிட்டீங்களாமே" என்றாள். செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் சுற்றிவிட்டது. கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள். லேபர் ஆபீசர் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் காரில் வந்து இறங்கினார். ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு, மெஷின் காட்டுவதைத் தன் கண்ணாலும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம். முசியே சாப்பாட்டு நேரத்தை எவருக்காகவும் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை. அன்று தள்ளிப்போட்டார். "காட்டிடு மத்மொசேல், அப்புறம் சாப்பிடலாம்" என்றார்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து தாளை எடுத்து மாட்டினேன். முதலில் புதுக் கயிறு, உடனே அடுத்த தாளில் அறுந்த கயிறு. இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்தன. முசியே குனிந்து பார்த்தார். "இன்னொரு வாட்டி" என்றார். ஓட்டினேன். அதே இடம். மூன்றாவது முறை அவரே மாட்டினார். அதே இடம்.

"என்ன சார், நகரும்னு சொன்னீங்க?" என்றார் ஆபீசர்.

"சாம்பிள் சரியா ஒக்காரல. சாயங்காலம் வாங்க" என்று அவரை அனுப்பிவைத்தார் முசியே. கார் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடப் போகவில்லை. நானும் போகவில்லை.

மண்டை காய்ந்தது எனக்கு. ஒரு வாரம் நகர்ந்தது இன்றைக்கு மட்டும் ஏன் நகரவில்லை? கயிறு அதே கயிறு, மெஷின் அதே மெஷின், ஓட்டுகிற நானும் அதே ஆள். இன்றைக்கு என்ன புதிது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பசி வயிற்றைக் கிள்ளியபோதுதான் உறைத்தது: இன்றைக்கு நாங்கள் சாப்பிடப் போகவில்லை.

மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க எல்லாக் கூடத்திலும் ஒரு பிலிம் வைத்திருப்பார்கள். அதன் பள்ளங்கள் எங்கே விழ வேண்டும் என்பது உலகத்துக்கே தெரியும். நாங்கள் தினமும் காலையில் வந்ததும் அதை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று வேலையைத் தொடங்குவோம். காலையில் மட்டும். மதியம் திரும்பி வந்து அதை ஓட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. காலையில் சரியாக இருந்த மெஷின் சாப்பாட்டு நேரத்தில் என்ன கெட்டுவிடப்போகிறது?

நான் ஒரு புதுத் தாளை உருளையில் மாட்டினேன். ஏ.சி.யை அணைத்தேன். தினமும் நாங்கள் இல்லாதபோது இருப்பது போலவே அறையை விட்டுவிட்டு, வராந்தாவில் வந்து உட்கார்ந்தேன். கடற்காற்று ஏறிவிட்டது, புடவைத் தலைப்பு பிசுபிசுவென்று ஒட்டியது. மூன்று மணிக்கு உள்ளே போய் அந்தச் சோதனைப் பிலிமை ஓட்டினேன். யாரும் இழுக்காத பிலிம் அது. சுமை என்றால் என்னவென்றே தெரியாத பிலிம். அதன் பள்ளமும் தள்ளி விழுந்திருந்தது, அறுந்த கயிறு ஒரு வாரம் எவ்வளவு தள்ளி விழுந்ததோ அவ்வளவு.

நகர்ந்தது தாள். திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போகிற மாதிரி, மதியம் முழுக்கக் கடற்காற்றில் கிடந்த தாள் ஈரம் குடித்து ஒரு மயிரிழை பெருத்திருக்கிறது. தாளில் அச்சடித்த கோடுகள் அதோடு தள்ளிப்போய்விட்டன. பேனா பாவம், சரியான இடத்தில்தான் வரைந்தது. காலையில் மாட்டுவது பெட்டியிலிருந்து எடுத்த காய்ந்த தாள், மதியம் மாட்டியிருப்பது ஊறிய தாள். புதுக் கயிற்றை எப்போதும் காலையிலும் அறுந்த கயிற்றை எப்போதும் மதியமும் பார்த்தோம். பன்னிரண்டு மணிக்கு மூடாத ஊரில் இந்தத் தப்பு நடந்தே இருக்காது.

காலையில் சோதனைப் பிலிமை ஓட்டிய தாள், இப்போது ஓட்டிய தாள், இரண்டையும் முசியேவிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் சோதனைப் பிலிமைத் தானே ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்.

"அப்போ என் பேப்பரு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை நான் நினைக்கவே இல்லை. பாரிஸுக்கு அனுப்பியிருந்த கட்டுரையில் இருந்ததும் இதே அளவுகள்தான்: இழுக்காத பிலிம் காலையில், இழுத்த பிலிம் மதியம். அவருடைய பல வருஷ உழைப்பு.

"அதுல கொஞ்சம் நெஜம் இருக்கும் முசியே. எவ்ளோ நெஜம்னுதான் தெரியாது."

"கொஞ்சம் நெஜம்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அவர் மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேறு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. "முசியே, ரெண்டு கயிறும் ஒண்ணாதான் இருக்கு. அதிகச் சுமை ஏறலன்னு எழுதிடலாம். ஒரு பேலுதான்னு ஆயிடும்" என்றேன். ஏழுமலை வாசலில் நின்ற கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை எனக்கு.

முசியே தலையை நிமிர்த்தினார். "எப்படி எழுதுவ? இழுக்கிறப்போ இருக்கிற இறுக்கம் அறுந்ததும் போயிடும்; மிச்சம் இருக்குன்னு தாள் காட்டினதை நம்பிட்டேன். அறுந்து இத்தனை நாள் ஆச்சு. ஒண்ணா இருக்குன்னா, ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான். ஒரு பேலா ரெண்டு பேலான்னு இது சொல்லாது."

"கயிறு வெயில்ல கெட்டு அறுந்திருக்கலாமே?"

"அதுக்கும் தாள்ல ஒரு பள்ளம் விழும், அதையும் பார்த்தமே. ரெண்டு கயிறும் கொஞ்சம் கெட்டுத்தான் கெடக்கு. எவ்ளோ கெட்டா அறுந்துடும்? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. காலையில அவனுக்கு எதிரா பொய் சொல்ல இருந்தோம், மத்மொசேல். சாயங்காலம் அவனுக்கு ஆதரவா பொய் சொல்லணுமா?"

எனக்குக் கோபமாக வந்தது.

ஆபீசர் சாயங்காலம் வந்தார். முசியே எழுதிக் கொடுத்தது அரைப் பக்கம்: இந்தக் கயிற்றில் அதிகச் சுமை ஏறியதா இல்லையா என்று எங்கள் முறையால் சொல்ல இயலாது. ஆபீசருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தெரியாதுன்னு சொல்லத்தான் இவ்ளோ பெரிய மிஷினா? போன்ல தெரியும்னு சொன்னீங்களே சார்! மேல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே!"

"போன்ல சொன்னது தப்பு. தப்பு என்னுது. அதையும் எழுதணும்னா எழுதித் தர்றேன்" என்றார் முசியே. எழுதியும் தந்தார்.

அவர் அந்த இடத்தில் நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அப்படி நிற்பதற்கு என்ன விலை என்று சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றினவள் ஆவேன். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மில்காரர்கள் அதன் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. 'தெரியாது முசியே' என்று ஊரில் ஒரு பெயரும் வைத்தார்கள். அவர் முதலிலிருந்து எல்லா அளவையும் மறுபடி எடுக்கத் தொடங்கினார். பாதிக்குப் பிறகு உடம்பு இடம் கொடுக்கவில்லை. நான் மதியம் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். ஏ.சி.யை அணைக்காமல், டப்பாவில் கட்டி வந்த சோற்றை மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன்.

விசாரணையில் ஏழுமலைக்கு எதிராக ஒன்றும் நிற்கவில்லை. வேலை திரும்பக் கிடைத்தது. கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மறைப்பானேன், பெருமைதான். அப்பாவிடம் போய்ச் சொன்னேன். தெரியாது என்ற ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் பிழைத்தது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மதியம் ஏழுமலை வந்தார். ஊர் அடைத்துக் கிடந்தது, கூடத்தில் நான் மட்டும்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. தாடியை மழித்திருந்தார், ஆனால் முன்னைவிட இளைத்திருந்தார்.

"மிஷின பார்க்கலாமா மேடம்?" என்றார். காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உருளையில் இருந்த தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். வெளிய போவாதுல்ல?"

"போகாது."

"ரெண்டு பேலுதான் தூக்கனேன்."

நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"எல்லாரும் அப்படித்தான் மேடம். சங்கு ஊதறதுக்குள்ள லாரி போவணும்னா ஒண்ணு ஒண்ணா தூக்கிக்கினு இருக்க முடியுமா? சூப்பர்வைசருக்கும் தெரியும். அதே கயிறுதான், அதே ரெண்டு பேலுதான், தெனம் தூக்கனதுதான். அன்னைக்கி அறுந்துச்சு. சூசைக்கும் தெரியும். அவன்தான கீழ நின்னு கட்டிவுட்டான். கால எடுத்துட்டு படுத்திருந்தவன், கேட்டப்போ, ஒண்ணுதான்னு சொன்னான் எனக்காவ."

உங்களுக்கு இங்கே ஒன்று தோன்றும். அப்படியானால் முதலில் போனில் சொன்னது சரியாகத்தானே இருந்தது? எனக்கும் அந்த நொடியில் அப்படித் தோன்றியது. இல்லை பிள்ளைகளே. எங்களுக்கு அதைச் சொன்னது கயிறு இல்லை, ஊறிப்போன தாள். ஒரே ஒரு பேல் தூக்கியிருந்தாலும், பேலே தூக்காமல் ஆணியில் தொங்கியிருந்தாலும் அந்தத் தாள் அதையேதான் சொல்லியிருக்கும். பதில் பொருந்திப்போனதால் அளவு சரியாகிவிடாது. இதை மட்டுமாவது மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்; உங்கள் நாலு இலக்கத்துக்கும் இது பொருந்தும்.

ஏழுமலை வந்தது அதற்காக இல்லை.

"வேல போயிருந்தாக்கூட பரவால்ல மேடம். தெனம் அவன் வூட்டுக்குப் போறேன். ஒக்காந்து பேசறான், சிரிக்கறான், டீ போட்டுத் தரச் சொல்றான். ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறான். அதான் தாங்கல. நீங்க உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கி நான் ஒண்ணு மட்டும் தூக்கியிருந்தா அந்தக் கயிறு அறுந்திருக்குமா, அறுந்திருக்காதா?"

"தெரியல ஏழுமலை."

"அதான் ஆபீசருக்கு எழுதிக் குடுத்தீங்க, அது சரி. என்கிட்ட சொல்லுங்க."

"உங்ககிட்டயும் அதான். நெஜமாவே தெரியல. கயிறு பழசாகியிருக்கலாம். எங்கயாவது கூர்ல உரசியிருக்கலாம். பாரத்தால இருக்கலாம். அந்தத் துண்டுகூட இப்போ தீந்துபோச்சு, சோதிச்சே தீத்துட்டோம்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம். நாந்தான் அறுத்தேன்னு சொல்லுங்க, போய் அவன் கால்ல... அவன்கிட்ட வுழுந்துடறேன். இல்ல, கயிறு தானா அறுந்துதுன்னு சொல்லுங்க, தூங்கறேன். ஏதாவது ஒண்ணு."

கயிறு தானாக அறுந்தது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்? விசாரணை முடிந்துவிட்டது, முசியே ஊரில் இல்லை, கேட்பார் இல்லை. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆபீசரிடம் தெரியாது என்று சொல்லும்போது எங்களுக்கு இருந்த கம்பீரத்தில் ஒரு துளி என்னிடம் இல்லை. அழுகைதான் வந்தது. மறுபடியும், "தெரியல" என்றேன்.

அவர் கோபமாகவெல்லாம் பேசவில்லை. கதவு வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்து, "ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் மேடம். அவன் சொன்னான்ல" என்றார்.

பிறகு போய்விட்டார்.

உங்களிடமும் ஒரு நாள் இப்படி யாராவது வருவார்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும், நானும் வேறு வழி கண்டுபிடிக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு அன்றைக்கு மெஷினைத் தொடாதீர்கள், வீட்டுக்குப் போய்விடுங்கள். நான் போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை அளந்தேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட உருப்படியாக இல்லை, எல்லாவற்றையும் கிழித்துப் போட்டேன்.